ஒரு பக்க மார்பு இறுகிக் காய்ச்சலும் வந்தால்: உருவலாமா, ஐஸ் வைக்கலாமா, எப்ப மருந்து? (திருகோணமலை தாய்மாருக்கான இழை)

#1 — உப்புவெளி மிட்வைஃப்

கிளினிக்கிலும் வீட்டுக்குப் போற இடத்திலும் திருப்பித் திருப்பி வாற கேள்வி இது. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமாச் சொல்லுறதால தாய்மார் குழம்பிப் போறாங்கள். தாதிமார், பாமசிக்காரர், டொக்டர்மார் எல்லாரும் இந்தப் பகுதியில் இருக்கிறீங்கள். தெரிஞ்சதை அளவோட, காரணத்தோட எழுதுங்கோ. நான் அடையாளம் காணுறதில இருந்து தொடங்குறன்.

பிள்ளை பிறந்து மூண்டாம் நாளில இருந்து ஐஞ்சாம் நாளுக்குள்ள ரெண்டு மார்பும் ஒண்டா வீங்கி, பாரமாகி, தோல் மினுமினுத்தா அது பால் கட்டு. பால் இறங்குற நேரத்தில அங்க நீர் சேருறதால வாறது. லேசாக் காய்கிறதும் உண்டு, ஆனா ஒரு நாளுக்கு மேல நிக்காது.

ஒரு பக்கத்தில மட்டும், ஒரு இடத்தில மட்டும் கட்டியாக் கையில தட்டுப்பட்டு, அமத்தினா நொந்து, காய்ச்சல் இல்லாம, ஆளும் நல்லா இருந்தா பால்குழாய் ஒடுங்கியிருக்கு.

அதே இடம் பெருத்து, ஆப்பு வடிவத்தில காம்பில இருந்து வெளிப்பக்கமா விரிஞ்சு, தொட்டாச் சுட்டு, 38.5 பாகை செல்சியஸுக்கு மேல காய்ச்சல், குளிர் நடுக்கம், கைகால் உளைவு எல்லாம் வந்தா அதைத்தான் மார்பழற்சி எண்டு சொல்லுறது. அனேகமா முதல் ஆறு கிழமைக்குள்ள வரும், அதிலயும் ரெண்டாம் மூண்டாம் கிழமையில கூட.

முக்கியமான ஒண்டு. புத்தகத்துப் படங்கள் காட்டுற இளஞ்சிவப்பு எங்கட தோல் நிறத்தில தெரியாது. "சிவக்கேல்லயே, அப்ப இது அது இல்ல" எண்டு ரெண்டு நாள் இருந்துடுறாங்கள். கறுத்த தோலில அந்த இடம் சுத்தியிருக்கிற தோலை விட இன்னும் கறுத்தோ ஊதா கலந்தோ இருக்கும், இழுபட்டு மினுங்கும், சில நேரம் தோல் துவாரங்கள் குழிஞ்சு தெரியும். கண்ணை விடக் கையை நம்புங்கோ: புறங்கையை ரெண்டு மார்பிலயும் அதே இடத்தில மாறி மாறி வைச்சுச் சூட்டு வித்தியாசத்தைப் பாருங்கோ.

#2 — மூதூர் வாட் தாதி

அக்கா, சிகிச்சைக்குப் போக முதல் ஒரு விசயத்தில தெளிவு வேணும். நாங்கள் படிச்சது "பால் தேங்கினாத்தான் அழற்சி, ஆகவே மார்பை வெறுமையாக்கு" எண்டுதான். சூட்டு ஒத்தடம், கட்டியைக் காம்புப் பக்கமா உருவுறது, குடுத்து முடிய மிச்சத்தைப் பீச்சி எடுக்கிறது. 2000ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி வெளியிட்ட மீளாய்விலயும் பாலை நல்லா வெளியேற்றுறதுதான் சிகிச்சையின்ர முதல் படி. இப்ப புதுசா வாற பிள்ளைகள் "உருவாதீங்கோ, ஐஸ் வையுங்கோ" எண்டு சொல்லுதுகள். வாட்டில ஒரே கட்டிலுக்கு ரெண்டு பேர் ரெண்டு சொல்லுற நிலைமை. எது சரி?

#3 — கடற்கரைவீதி டொக்டர்

நியாயமான கேள்வி. மாற்றம் வந்தது 2022இல். தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச அக்கடமி தனது 36ஆம் நெறிமுறையில் மார்பழற்சி பற்றிய பழைய அறிவுரைகளைத் திருத்தி எழுதியது. காரணத்தைப் புரிந்துகொண்டால் படிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பால்குழாய்க்குள் ஒரு கட்டி அடைத்து நிற்கிறது, அதைத் தள்ளி வெளியேற்ற வேண்டும் என்பதுதான் பழைய படம். உண்மையில் மார்புக்குள் இருப்பது ஒன்றோடொன்று பின்னிய, மிக நுண்ணிய ஏராளமான குழாய்கள். அவற்றைச் சுற்றியுள்ள திசு வீங்கும்போது குழாய்கள் வெளியிலிருந்து நெரிபடுகின்றன. கையில் தட்டுப்படும் "கட்டி" பெரும்பாலும் அந்த வீக்கம்தான். அதை அழுத்தி உருவினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைந்து வீக்கம் கூடும், குழாய்கள் இன்னும் நெரிபடும். சூடு வைத்தால் இரத்தக் குழாய்கள் விரிந்து அந்த இடத்துக்கு நீர் கூடுதலாக வரும்.

பீச்சி வெறுமையாக்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அந்த அளவுக்கு மார்பு மறுபடி சுரக்கும். பிள்ளை குடித்த பிறகும் எடுத்துக்கொண்டே இருந்தால், பிள்ளையின் தேவைக்கு மேல் சுரக்க மார்பைப் பழக்குகிறோம். அடுத்த அழற்சிக்கு அதுவே வழி.

ஆனால் தாதி அக்கா சொன்னதில் ஒரு பாதி இன்றும் சரி. பால் கொடுப்பதை நிறுத்துவதும், நேரம் தவற விடுவதும், திடீரென மறக்கடிப்பதும் ஆபத்து. சீழ்க்கட்டிக்கு அது நேர் வழி. ஆகவே பிள்ளை எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு. அதைவிடக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

#4 — மூதூர் வாட் தாதி

விளங்குது டொக்டர். அப்ப குறைமாதப் பிள்ளை வேற வாட்டில இருந்து, தாய் கையால எடுத்துக் குடுக்கிற நிலைமையில? அங்க "பிள்ளை குடிக்கிற அளவு" எண்டு ஒண்டு இல்லையே.

#5 — கடற்கரைவீதி டொக்டர்

அங்கே எடுக்கத்தான் வேண்டும். 24 மணித்தியாலத்தில் குறைந்தது 8 தடவை, இரவிலும் ஒரு தடவையாவது. மார்பு இளகியதும் நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம். அழற்சி வந்த பக்கத்திலிருந்து ஒரு நேரம் குறைவாக வந்தால் அதை ஈடுகட்ட அடுத்த முறை நீண்ட நேரம் எடுக்கவும் வேண்டாம். வீக்கம் வடியத் தானாக வரும்.

#6 — உப்புவெளி மிட்வைஃப்

சரி, முதல் 24 மணித்தியாலம் வீட்டில என்ன செய்யிறது எண்டு வரிசையா எழுதுறன்.

பிள்ளை கேக்கேக்க ரெண்டு பக்கமும் குடுங்கோ. நோகிற பக்கத்தில தொடங்கினாப் பால் இறங்காம இருந்தா, நோகாத பக்கத்தில தொடங்கி, பால் இறங்கினதும் மாத்துங்கோ. மார்பு இறுகிப் பிள்ளைக்கு வாய்க்குள்ள பிடிபடாட்டி, ரெண்டு கை விரல் நுனிகளையும் காம்பைச் சுத்திக் கறுப்பு வட்டத்தில வைச்சு, நெஞ்சுப் பக்கமா நேரா, ஒரு நிமிசம் மெதுவா அமத்திப் பிடியுங்கோ. நீர் உள்ள போய் அந்த வட்டம் இளகும். உடனே பிள்ளையைப் பிடிக்க விடுங்கோ, தாமதிச்சா நீர் திரும்பி வந்துடும்.

குடுத்து முடிய ஐஸ். மெல்லிய துவாயில சுத்தி 10 இருந்து 20 நிமிசம். வேணுமெண்டா மணித்தியாலத்துக்கு ஒருக்கா வைக்கலாம். வெறுந்தோலில வைக்கக் கூடாது. பிறிட்ஜ் இல்லாத வீடுகளில மீன்வாடி ஐஸ் வாங்கிக்கொண்டு வாறாங்கள். அது குடிக்கிற ஐஸ் இல்ல, கிருமி இருக்கும். ரெண்டு பொலித்தீன் பையில ஒழுகாமக் கட்டி அதுக்கு மேல துணி சுத்துங்கோ. வெடிச்ச காம்பில அந்தத் தண்ணி படவே கூடாது. ஐஸே கிடைக்காட்டிக் கிணத்துத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, சூடேற மாத்தி மாத்திப் போடுறதும் பலன் தரும்.

பிறகு தடவல். உருவுறது வேற, இது வேற. மல்லாந்து படுத்துக்கொண்டு, காறை எலும்புக்கு மேல உள்ள குழியில விரலால பத்துச் சின்ன வட்டம், கமக்கட்டில பத்து வட்டம், அதுக்குப் பிறகு காம்பில இருந்து கமக்கட்டுப் பக்கமாவும் காறை எலும்புப் பக்கமாவும் தோலை மட்டும் தடவி விடுறது. பிள்ளையின்ர முகத்துக்குப் பவுடர் பூசுற அளவு அழுத்தம், அவ்வளவுதான். நொந்தா நீங்கள் பிழையான அளவில அமத்துறீங்கள் எண்டு அர்த்தம். இது நிணநீர் வடியிறதுக்கு. பால் வெளியேற்றுறதுக்கு இல்ல.

பிறா போடுறது தாங்கிப் பிடிக்க வேணும், ஆனா கழட்டினாத் தோலில கோடு விழுந்திருக்கக் கூடாது. குப்புறப் படுக்கிறதும், தோள்பையின்ர வார் மார்புக்குக் குறுக்கால போறதும் அதே இடத்தில திரும்பத் திரும்ப அமத்தும்.

தண்ணி தாகத்துக்குக் குடியுங்கோ. "தண்ணி குடிச்சாப் பிள்ளைக்குச் சளி" எண்டு பத்தியத்தில தண்ணியைக் குறைக்கிற வீடுகள் இன்னும் இருக்கு. காய்ச்சலோட இருக்கிற ஒருத்தருக்கு அது கொடுமை.

#7 — கிண்ணியா பாமசி

மருந்துப் பக்கத்தை நான் எழுதுறேன். ராத்தாமார் கடைக்கு வந்து கேட்கிற ஒழுங்கிலயே சொல்றேன்.

பனடோல் (பரசிற்றமோல்) 500 மில்லிகிராம் குளிசை, ஒரு தடவைக்கு 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் ஒரு போதும் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த தாய்மாருக்கு இந்த அளவு கூடிப்போகலாம், டொக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளவும். தடிமனுக்கு விற்கிற கூட்டுக் குளிசைகள் பலதிலும் பரசிற்றமோல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தாண்டிவிடும்.

ஐபுபுரோபன் 400 மில்லிகிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, சாப்பாட்டுக்குப் பிறகு. நோவை மட்டுமில்லாமல் வீக்கத்தையும் குறைப்பதால் இதில் இது பனடோலை விடப் பொருத்தம். பாலில் மிகச் சொற்பமே சேரும், பிள்ளைக்குப் பாதகமில்லை. குடல்புண், சிறுநீரக வருத்தம், இழுப்பு (ஆஸ்மா), பிரசவத்தில் கூடிய பிறஷர் இருந்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அஸ்பிரின் பாலூட்டும்போது நோவுக்கு எடுக்கிற மருந்தில்லை.

அன்ரிபயோற்றிக்கைக் கடையில் கேட்டு வாங்காதீங்க. அதிலும், வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற அமொக்சிசிலினைத் தொடங்கிவிட்டு வருகிறவர்கள்தான் கூட. மார்பழற்சியில் பெரும்பாலும் இருப்பது ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி. அது அமொக்சிசிலினை உடைக்கிற நொதியைச் சுரக்கும், ஆகவே அந்தக் குளிசை வேலை செய்யாது. இரண்டு நாள் வீணாகிவிடும், பாலில் என்ன கிருமி என்று பார்க்கிற வளர்ப்புப் பரிசோதனையின் முடிவையும் குழப்பிவிடும்.

டொக்டர் எழுதுவது வழமையாக புளுகுளொக்சசிலின் அல்லது குளொக்சசிலின் 500 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 10 முதல் 14 நாள். வெறுவயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முதல் அல்லது இரண்டு மணித்தியாலம் பின். "மூன்று நேரம் சாப்பாட்டோடு" என்று தாமாகவே மாற்றிக்கொள்கிறவர்களுக்கு மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் போகும். காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12 என்று வைத்துக்கொள்ளலாம். இரவுப் பாலுக்கு எழும்பும்போது அந்தக் குளிசையையும் போடலாம். கெபலெக்சின் 500 மில்லிகிராமும் இதே இடைவெளியில் கொடுக்கப்படும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முதலே சொல்லவும், கிளிண்டமைசின் அல்லது எரித்ரோமைசின் எழுதுவார்கள். பிள்ளைக்கு வயிற்றால் கொஞ்சம் இளகிப் போகலாம், அதற்காகப் பாலை மறிக்கத் தேவையில்லை.

நோன்பு காலத்தில் ஒரு வார்த்தை. ஆறு மணித்தியால மருந்தும் காய்ச்சலும் இருக்கிற தாய் நோன்பைப் பிடித்துக்கொண்டு மருந்தை சஹருக்கும் இப்தாருக்கும் ஒதுக்கக் கூடாது. நோயாளிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பை விட்டுப் பிறகு வேறு நாளில் கழாச் செய்ய (ஈடாகப் பிடிக்க) சலுகை இருக்கிறது.

#8 — கடற்கரைவீதி டொக்டர்

பாமசித் தம்பி எழுதியது எல்லாம் சரி. ஐபுபுரோபன் பற்றி ஒரு கடும் எச்சரிக்கை சேர்க்க வேண்டும், இதை ஒருவரும் தாண்டிப் போக வேண்டாம்.

இது டெங்கு மாவட்டம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை, குளிர் நடுக்கத்துடன் கூடிய எந்தக் காய்ச்சலையும் "இது மார்பால் வந்தது" என்று நிச்சயமாக முடிவு கட்டக் கூடாது. டெங்குவில் ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எல்லாம் இரத்தப்போக்கை உண்டாக்கும். பிரசவித்துச் சில நாளான பெண்ணுக்கு அது உயிராபத்து.

மார்பில் சூடு, வீக்கம், நோவு ஓரிடத்தில் தெளிவாக இருந்தால் அழற்சிதான் பெரும்பாலும் காரணம். மார்பில் சொற்ப நோவு, ஆனால் கடும் தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, சத்தி, உடம்பில் பருப்பருவாகச் சிவப்பு என்றிருந்தால் பனடோல் மட்டும், உடனே இரத்தப் பரிசோதனை. சந்தேகம் இருக்கும் வரை பனடோலும் ஐஸும் போதும். முழு இரத்தக் கணக்கெடுப்பில் கிருமி அழற்சி என்றால் வெள்ளையணு கூடியிருக்கும். டெங்குவில் வெள்ளையணு குறையும், பிறகு சிறுதட்டுகள் (பிளேட்லெட்) இறங்கும். முதல் நாள் அறிக்கை சரியாக இருந்தாலும் காய்ச்சல் நிற்காவிட்டால் மூன்றாம் நாள் மறுபடி எடுக்க வேண்டும்.

அதோடு, பிரசவித்த பெண்ணின் காய்ச்சலுக்கு மார்பு மட்டும் காரணமல்ல. அடிவயிற்று நோவுடன் கெட்ட மணமுள்ள கழிவு, சலம் போகும்போது எரிவு, சிசேரியன் வெட்டில் ஈரம், ஒரு காலில் மட்டும் வீக்கம் — இவற்றையும் பாருங்கள்.

#9 — நிலாவெளி அம்மம்மா

எல்லாரும் நல்லாச் சொல்லுறியள். எனக்கு ஒரு கேள்வி. நொச்சி, பாவட்டை, ஆடாதோடை, வேப்பிலை எல்லாம் அவிச்சு வேது வாக்கிறது எங்கட தாய், பேத்தி காலத்தில இருந்து நடக்குது. அதைச் செய்யக் கூடாது எண்டு சொல்லுறியளோ? பால் கட்டினாச் சீப்பால வாரி விடுறதும் உண்டு. சரக்கும் பால்சுறாவும் குடுக்காமப் பிள்ளைத்தாய்க்கு எப்பிடிப் பால் வரும்?

#10 — உப்புவெளி மிட்வைஃப்

அம்மம்மா, வேது வாக்கிறதை நிப்பாட்டச் சொல்லேல்ல. உடம்பு நோவுக்கு இடுப்புக்கும் முதுகுக்கும் இளஞ்சூட்டில வார்க்கலாம். மார்பு இறுகியிருக்கிற நாட்களில கொதிக்கக் கொதிக்க மார்பில அடிச்சு ஊத்துறதை மட்டும் விட்டுடுங்கோ. டொக்டர் #3இல சொன்ன காரணம்தான், சூடு வீக்கத்தைக் கூட்டும். வீங்கின தோலுக்குச் சூட்டின்ர அளவும் சரியாத் தெரியாது, பொக்களம் போட்டுடும். குடுக்க முதல் கொஞ்ச நேரம் இளஞ்சூட்டுத் துணி வைச்சாச் சிலருக்குப் பால் இலகுவா இறங்கும், அதில பிழையில்ல. பிறகு ஐஸ்.

சீப்பு வேண்டாம். பல்லுப் பட்டுத் தோல் கீறும், கிருமி போக அந்தக் கீறல் போதும்.

சாப்பாடு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் போட்ட சரக்குக் கறி சாப்பாடாக் குடுங்கோ, ஒரு தடையும் இல்ல. ஆனா ஏற்கெனவே பால் கூடி, வழிஞ்சு, இறுகி நோகிற பிள்ளைக்குப் பால் கூட்டுறதுக்கெண்டே பால்சுறா, முருங்கையிலை, உள்ளி, வெந்தயம் எண்டு மூண்டு நேரமும் திணிக்கிறது தேவையில்லாத வேலை. அது பால் குறைஞ்ச தாய்க்கு எண்டு வைச்சிருக்கிறது.

மல்லிகைப்பூவையும் சொல்ல வேணும். மார்பில கட்டினாப் பால் வத்தும் எண்டு பாவிக்கிறது அது. பால் நிப்பாட்ட விரும்பாத தாய்க்கு "குளிர்ச்சி" எண்டு சொல்லிக் கட்டி விடாதீங்கோ.

#11 — சாம்பல்தீவு

பாலின் நிறம் மாறி, மஞ்சளாக, சில நேரம் இரத்தக் கோடுடன் வருகிறதே. அப்போதும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

#12 — மூதூர் வாட் தாதி

குடுக்கலாம். அழற்சி நேரம் பாலில உப்புச் சத்துக் கூடுறதால சுவை மாறும், அதாலதான் சில பிள்ளைகள் அந்தப் பக்கத்தை உதறுதுகள். பால் கெட்டதில்ல. கொஞ்ச இரத்தம் காம்பு வெடிப்பில இருந்து வாறது, பிள்ளையின்ர மலம் கறுத்தாப் பயப்பட வேண்டாம். நிறமாறின பால் தொடர்ந்து வந்தாக் காட்டுங்கோ. காம்பிலயோ கறுப்பு வட்டத்திலயோ கொத்தாக் கொப்புளம் போட்டு எரிஞ்சா அது வேற கதை: ஹேர்பீஸாக இருக்கலாம், பிறந்த பிள்ளைக்குப் பெரிய ஆபத்து. டொக்டர் பார்க்கும் வரைக்கும் அந்தப் பக்கம் குடுக்கக் கூடாது, எடுத்த பாலையும் குடுக்கக் கூடாது.

இன்னொண்டு: காம்பு நுனியில வெள்ளைப் புள்ளி வந்தா ஊசியால குத்தாதீங்கோ. வீட்டில அதிகம் நடக்கிற சேதம் இது. குத்த ஒரு நாள் திறக்கும், பிறகு தடிச்சு முன்னை விட இறுக்கமா மூடும். பூசுற மருந்தைக் டொக்டர் எழுதுவார்.

#13 — சாம்பல்தீவு

நன்றி மிஸ். அப்படியானால் எந்தக் கட்டத்தில் வீட்டில் இருக்காமல் போக வேண்டும்? ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதற்குத் தூரமும் ஒரு காரணம்.

#14 — கடற்கரைவீதி டொக்டர்

24 மணித்தியாலம், 48 மணித்தியாலம் என்ற இரண்டு எல்லைகளையும் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஐஸ், குளிசை, ஒழுங்காகப் பாலூட்டல் எல்லாம் செய்தும் 24 மணித்தியாலத்தில் காய்ச்சலும் நோவும் தணியாவிட்டால், கிருமி சேர்ந்திருக்கிறது என்று எடுத்து அன்ரிபயோற்றிக் தொடங்க வேண்டும். காம்பில் வெடிப்பும் இருந்து, தொடக்கத்திலேயே கடும் காய்ச்சல் என்றால் 24 மணித்தியாலம் காத்திருக்கவும் வேண்டாம். கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலேயே தொடங்கலாம். இதற்காகப் பட்டினத்துக்கு வரத் தேவையில்லை.

சரியான அன்ரிபயோற்றிக் தொடங்கி 48 மணித்தியாலத்தில் மாற்றம் இல்லையென்றால் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது போதாது. மார்புக்கு ஸ்கான், பாலை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்புதல் இரண்டும் வேண்டும். சீழ் கட்டியிருக்கலாம், அல்லது வழமையான மருந்துக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கஸ் வகையாக இருக்கலாம்.

ஒரு மணித்தியாலமும் காத்திருக்கக் கூடாதவை: மூச்சு வேகமாகி இளைப்பு, நெஞ்சு படபடப்பு நிற்காமை, எழும்பினால் தலை சுற்றி விழுதல், சலம் வெகுவாகக் குறைதல், பேச்சுக் குழறல் அல்லது மயக்கம், இரண்டு மார்பிலும் ஒன்றாகச் சிவப்புப் பரவல். கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் இவை. 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. பிள்ளையையும் கூடவே கொண்டு வாருங்கள். தாயை அனுமதித்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் விட்டால் பால் தேங்கி இரண்டாவது பிரச்சினை தொடங்கும்.

#15 — கிண்ணியா பாமசி

டொக்டர், சீழ் என்றவுடன் "வெட்டுவார்கள், பால் நிற்கும்" என்ற பயத்தில்தான் ராத்தாமார் ஒளிக்கிறார்கள். அதை விளக்கினால் நல்லது.

#16 — கடற்கரைவீதி டொக்டர்

விளக்குகிறேன். சீழ்க்கட்டி என்றால் நோவு ஓரிடத்தில் குவிந்து, அமத்தினால் உள்ளே நீர் தளும்புவது விரலில் தெரியும். ஆழத்தில் இருந்தால் அதுவும் தெரியாது. அன்ரிபயோற்றிக்கால் காய்ச்சல் குறைந்தும் கட்டி மட்டும் அப்படியே நிற்கும். காய்ச்சல் இல்லை என்பதால் சீழ் இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்கானில்தான் உறுதி.

இன்று முதல் சிகிச்சை கத்தி அல்ல, ஊசி. இடத்தை மரக்கச் செய்து, ஸ்கான் பார்த்தபடி ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்து, அதைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ஒரு தடவையில் முடியாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்த்து, மிஞ்சியிருந்தால் மறுபடி எடுப்போம். "ஊசி போட்டும் திரும்ப வந்துவிட்டது" என்று இடையில் நின்றுவிடுவதுதான் தோல்விக்குக் காரணம், முறை அல்ல. பெரிய கட்டி, உள்ளே அறை அறையாகப் பிரிந்தது, மேல் தோல் மெலிந்து உடையும் நிலை என்றால் சிறு வெட்டு வைத்து வடிகுழாய் விடுவோம். வெட்டைக் கறுப்பு வட்டத்திலிருந்து இயன்றளவு தள்ளி வைப்பதே பிள்ளை தொடர்ந்து அந்தப் பக்கம் குடிப்பதற்காகத்தான். பிள்ளையின் வாய் புண்ணில் படாவிட்டால் அன்றே கொடுக்கலாம். வெட்டின் வழியாகக் கொஞ்சம் பால் கசியும், அதைக் கண்டு பயந்து பாலை நிறுத்த வேண்டாம்; ஆற நாட்கள் எடுத்தாலும் ஆறிவிடும்.

#17 — மூதூர் வாட் தாதி

மருந்து முடிஞ்சும் ரெண்டு மாதத்தில திரும்ப வாற தாய்மாரில் பார்க்க வேண்டியது பிள்ளை பிடிக்கிற விதம். மூக்கு காம்புக்கு நேரா, தலை கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சு, வாய் நல்லாத் திறக்கும் வரை காத்திருந்து, நாடி முதல்ல மார்பில படுற மாதிரிக் கிட்டக் கொண்டுவாங்கோ. சரியாப் பிடிச்சாக் கறுப்பு வட்டம் மேல்ப்பக்கம் கூடவும் கீழ்ப்பக்கம் குறையவும் தெரியும், கீழ் உதடு வெளிய மடிஞ்சிருக்கும். தொடக்கத்தில அரை நிமிசம் நோகலாம். அதுக்கு மேலயும் நொந்தா, சின்ன விரலை வாய் ஓரத்தால விட்டு எடுத்துப்போட்டுத் திரும்பப் பிடிக்க விடுங்கோ. இழுத்து எடுத்தா வெடிக்கும். குடிச்சு முடிய காம்பு ஒரு பக்கம் சப்பையா வந்தாப் பிடி பிழை. பிடி சரியாயிருந்தும் அப்பிடியே வந்தா நாக்கின்ர அடிநார் கட்டையா எண்டு பார்க்கச் சொல்லுங்கோ.

வெடிச்ச காம்புக்கு சவர்க்காரம், டெற்றோல் வேண்டாம். குடுத்து முடிய ரெண்டு சொட்டுப் பாலைப் பூசிக் காய விடுங்கோ.

#18 — சாம்பல்தீவு

வேலைக்குத் திரும்பும் தாய்மாரைப் பற்றியும் சேர்க்கிறேன், எங்கள் குழுவில் இரண்டாவது அலை அங்கேதான் வருகிறது. 84 வேலை நாள் விடுமுறை முடிந்த முதல் கிழமை. வீட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குடித்த பிள்ளை திடீரென எட்டு மணித்தியாலம் இல்லை. விடுமுறை முடிய இரண்டு கிழமைக்கு முன்னரே வேலை நேரத்துப் பாலில் ஒரு நேரத்தைக் கையால் எடுத்துக் கொடுக்கப் பழக்கி, நாலைந்து நாளில் அடுத்ததை மாற்றினால் மார்பும் பழகும். வேலைத்தளத்தில் மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுக்க வேண்டும். பம்ப் பாவித்தால் காம்பு உராயாத அளவுப் புனலை வாங்குங்கள். பெரிய புனல் கறுப்பு வட்டத்தையே உள்ளே இழுத்து வீங்க வைக்கும், சிறியது காம்பைத் தேய்க்கும்.

#19 — நிலாவெளி அம்மம்மா

காய்ச்சல் எல்லாம் போய், நோவும் இல்லாம, கட்டி மட்டும் ஒரு இடத்தில நிண்டா? அதுக்கு மூலிகை அரைச்சுப் பத்துப் போடலாமோ?

#20 — கடற்கரைவீதி டொக்டர்

பத்துப் போட வேண்டாம் அம்மா, ஸ்கான் எடுக்க வேண்டும். அழற்சியின் வீக்கம் சில நாட்களில் வடிந்து போகும். மருந்து முழுதாக முடிந்தும் கட்டியோ, தோல் தடிப்போ, நிற மாற்றமோ அப்படியே இருந்தால் மூன்று காரணங்களைத் தேடுவோம். பால் தேங்கிய நீர்க்கட்டி, இது தீங்கற்றது. மூடாத வாயுடன் சீழ் கசிந்துகொண்டே இருக்கும் நாட்பட்ட அழற்சி, இதில் காசநோயும் அடங்கும். மூன்றாவது, அழற்சி போலவே தோற்றமளிக்கும் புற்றுநோய். அரிதுதான்; ஆனால் "பால் கொடுக்கிற பெண்தானே" என்று மாதக்கணக்கில் அன்ரிபயோற்றிக் மாற்றி மாற்றிக் கொடுத்ததால் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவது இந்த நோய். பால் கொடுக்கும்போதே ஸ்கானும் எடுக்கலாம், திசுப் பரிசோதனையும் செய்யலாம். அதற்காகப் பாலை நிறுத்திவிட்டு வரத் தேவையில்லை. ஸ்கானுக்கு வரும் முன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தால் படம் தெளிவாக இருக்கும்.

#21 — உப்புவெளி மிட்வைஃப்

ஸ்கானுக்குப் போறவங்கள் பழைய மருந்துத் துண்டுகளையும் குளிசை அட்டைகளையும் எறியாமக் கொண்டு போங்கோ. எந்த மருந்து, எத்தினை நாள் எண்டு வாயால சொல்லுறதை விட அது உதவும். தாய்மாருக்கு ஏதும் சந்தேகம் வந்தாக் கிளினிக் நாள் வரைக்கும் பாத்திருக்காம உங்கட பகுதி மிட்வைஃபுக்குக் கோல் எடுங்கோ. முதல் பத்து நாளுக்குள்ள வீட்டுக்கு வாற நேரம் பிள்ளையின்ர நிறையை மட்டும் காட்டாம, ஒரு நேரம் பால் குடுக்கிறதையும் அவவுக்கு முன்னால குடுத்துக் காட்டுங்கோ.